பாலை என்பது பருவமா, பாழா? (தேஹு ரோடுக் குன்றுகளைப் பற்றி)



சென்ற சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வரும் ஆடி மாதத்தில் நம் சங்கத்தார் அனைவரும் தேஹு ரோட்டுக்குச் சென்று, அங்கே கண்ணுக்குத் தெரியும் மொட்டைக் குன்று ஒன்றின்மேல் மரக்கன்றுகள் நட வேண்டும் என்பதே அது. கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறும் தறுவாயில் எழுந்து, "நடுவதற்கு முன் அக்குன்றைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோமே" என்று சொன்னவன் நான். அதனால் சிலருக்கு என்மேல் வருத்தம். "தாவரநூல் படிக்கிறவரே மரம் நட வேண்டாம் என்கிறாரே!" என்று ஒரு நண்பர் நகையாடினார். செயலாளரோ, "அப்படியானால் அதை நீரே மலருக்கு எழுதிக் கொடும்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு வருமாறு வேண்டுகிறேன். மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. எங்கே, எதை என்பதுதான் என் கேள்வி.

தேஹு ரோடு நம்மில் பலருக்குப் புதிய ஊரன்று. அங்குள்ள இராணுவப் பண்டகசாலையை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. பொங்கலுக்கும் காவடிக்கும் நாம் போய் வருகிறோம். ஆனால் ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகளை ஏறிப் பார்த்தவர் சிலரே. மாசியில் பார்த்தால் கரடு, கல், காய்ந்த புல். ஆவணியில் பார்த்தால் பச்சைப் பட்டு. இவ்விரண்டில் எது உண்மை முகம்?

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. லோணாவளாவிலிருந்து புனே வரும் மின்சார வண்டியில் ஒரு பயணச் சீட்டு போதும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து கொணரும் நீரை ஸஹ்யாத்திரியின் முகட்டில் கொட்டிவிடுகிறது. லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து மளவ்லி, காம்ஷேத், வட்காவ், தளேகாவ் என்று வண்டி கிழக்கே இறங்க இறங்க மேகம் இளைத்துக்கொண்டே வருகிறது. புனே நகரில் கிடைப்பது 700 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அறுபது சொச்சம் கிலோமீட்டர் தொலைவுக்குள் மழை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது! சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் இருண்ட, இலை உதிராத காட்டுத் துண்டுகள். காம்ஷேத்தை ஒட்டி நெல் வயல்கள் (இந்திராயணி என்று ஆற்றின் பெயரையே தாங்கிய வாசனை அரிசி விளைவது இப்பகுதியில்தான்). பிறகு தேக்கும் கருமருதும். தேஹு ரோட்டை நெருங்கும்போது புல்லும், ஆங்காங்கே குட்டையான மரங்களும். நம் குன்று இந்த வரிசையின் வறண்ட முனைக்கு அருகில் நிற்கிறது.

மழையின் அளவைவிட அது பெய்யும் முறை முக்கியமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களில் பெரும்பகுதியும் பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசிக்குப் பின் வானம் வெளுத்தால் அடுத்த வைகாசி வரை ஏழு மாத வறட்சி. சோழமண்டலக் கடற்கரையிலோ இரு பருவங்களிலும் ஓரளவு மழை உண்டு. ஆகவேதான் கோடியக்கரையிலும் மரக்காணத்தை ஒட்டிய கோயிற்காடுகளிலும் பாலை, வீரை, காசா முதலிய தடித்த இலை மரங்கள் ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கின்றன. அதுவும் வறண்ட நிலக் காடுதான். ஆயின் இலை உதிர்ப்பதில்லை. இங்கே இலை உதிர்ப்பதைத் தவிர மரத்துக்கு வழியில்லை.

உலகில் வெப்ப மண்டலக் காடு என்றவுடன் நமக்கு அமேசானும் நீலகிரிச் சோலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வெப்ப மண்டலக் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த உலர்காட்டு இனத்தைச் சேர்ந்ததென்று மர்ஃபி, லூகோ என்னும் இருவர் 1986இல் எழுதினர். ஆண்டு மழை 250 முதல் 2,000 மில்லிமீட்டர் வரை, ஆவியாகிப் போகக்கூடிய நீர் பெய்யும் மழையைவிட அதிகம் என்பது அவர்கள் கையாண்ட இலக்கணம். நம் நாட்டுக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன் என்பவர் 1936இல் முதல் நூலை எழுதி, பின்னர் சேத் என்பாருடன் சேர்ந்து 1968இல் அதைத் திருத்தி வெளியிட்டார்; அதில் உலர் இலையுதிர் காடு ஐந்தாவது தொகுதி, முட்காடு ஆறாவது தொகுதி. இந்தியக் காடுகளில் மிகப் பரந்தது அந்த ஐந்தாவது தொகுதியே. பரந்ததாயினும் பேசுவார் இல்லை. 1988இல் டேனியல் ஜான்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர், வெப்ப மண்டலத்துப் பெரிய சூழ்நிலைகளுள் அழிவின் விளிம்பில் முன்னால் நிற்பது மழைக்காடன்று, உலர்காடே என்று எழுதினார். காரணம் எளிது. மனிதனுக்குக் குடியிருக்கவும் உழவும் மேய்க்கவும் உகந்த தட்பவெப்பம் அதுதான். ஆகவே அவன் முதலில் வெட்டியதும் அதையே.

இங்கே நம் பழந்தமிழ்ப் பகுப்பு ஒன்று எனக்கு நினைவு வருகிறது. தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பிரித்தார். பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. ஆனால் பொழுது மட்டும் வகுத்தார்: வேனிலும் நண்பகலும், அவற்றோடு பின்பனியும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திலும் காண்கிறோம். பின்பனியும் வேனிலும் என்றால் மாசி தொடங்கி. அதாவது, இக்குன்றுகளின் மரங்கள் இலையின்றி நிற்கும் அதே மாதங்கள்! பாலை என்பது ஓர் இடமன்று, ஓர் இடத்துக்கு ஆண்டுதோறும் வந்து போகும் நிலை என்பது இலையுதிர் காட்டை நேரில் பார்த்தவனுக்கே தோன்றக்கூடிய எண்ணம். பள்ளியில் பாலை என்றால் மணலும் மணலைச் சார்ந்த இடமும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இலை உதிர்வதை நோய் என்றோ சாவு என்றோ கருதக் கூடாது. வேரிலிருந்து இலை வரை தண்ணீர் ஒரு மெல்லிய இழைபோல் மரத்தின் நுண்குழாய்களில் இழுபட்டுச் செல்கிறது. இலையிலிருந்து ஆவி பறக்கப் பறக்க இழுப்பு மிகும். மண்ணில் நீர் குறைந்தபின்னும் இலைகள் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இழை அறுந்து குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் பிறகு பயன்படாது. போதிய குழாய்கள் இவ்வாறு அடைபட்டால் கிளை மடியும். ஆகவே மரம் முந்திக்கொள்கிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவடுக்கை அமைத்து இலையை விடுவித்துவிடுகிறது. அதற்கு முன் இலையிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவற்றில் ஏறத்தாழப் பாதியைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. கீழே விழுவது வெறும் சருகு. வீட்டைக் காலி செய்பவன் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் போன்ற காரியம் இது.

எல்லா மரமும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. நம் ஊர்ப் பழமொழி ஒன்று, ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று கேட்கிறது. ஒதிய மரம் இக்குன்றுச் சரிவுகளில் உண்டு. மராத்தியர் 'மோயி' என்பர். அதன் மரம் மெத்தென்றிருப்பதால் உத்திரத்துக்கு உதவாது, உண்மைதான். ஆனால் அந்த மென்மைதான் அதன் பிழைப்பு. மென்மையான தண்டு நீரைச் சேமித்து வைக்கும் குதிர். ஒதியும், குந்துருக்கப் பிசின் தரும் 'சலயி' மரமும் சீக்கிரமே இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் உள்ள நீரை வைத்துக்கொண்டு கோடையை ஓட்டும். மாறாக, வெக்காலி (இங்கே 'தாவ்டா'), கருமருது போன்ற வன்மரங்கள் சேமிப்பை நம்பாமல், கருங்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் வேரை ஆழ இறக்கி, இயன்ற வரை இலையைத் தாங்கிப் பார்க்கும். ஒன்று சேமிக்கிறவன் வழி. மற்றொன்று தேடுகிறவன் வழி. உத்திரம் ஆகவில்லை என்று ஒதியைப் பழிப்பது வீடு கட்டுகிறவனின் நியாயம்.

இனி இக்காட்டின் பெரிய புதிருக்கு வருவோம். நீருக்கு அஞ்சி இலையை உதிர்த்த மரம், மழை வந்தபின் துளிர்ப்பதுதானே முறை? அப்படி நடப்பதில்லை. பங்குனி, சித்திரையில், வெயில் கொளுத்தும்போது, மழைக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னதாகவே பல மரங்கள் தளிர் விடுகின்றன. 2006இல் எலியட், பேக்கர், போர்ச்சர்ட் என்னும் மூவர் இதை ஆசியப் பருவமழைக் காடுகளின் முரண்புதிர் என்றே பெயரிட்டு ஆராய்ந்தனர். மழையைப் பார்த்து மரம் துளிர்க்கவில்லை. பகல் நீள்வதைப் பார்த்துத் துளிர்க்கிறது என்பது அவர்கள் முடிவு. இலையற்ற நிலையில் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை. ஆழ் மண்ணிலுள்ள ஈரத்தைக் கொண்டு தண்டு மீண்டும் நிரம்பிவிடுகிறது. அந்தச் சிறு முதலை வைத்துத் தளிர் விடுகிறது. மழை தொடங்கும் நாளில் இலை முற்றித் தொழிலுக்குத் தயாராக நிற்கும்.

ஆனால் ஏன் இந்தத் துணிச்சல்? இதற்கு ஒரு விடை நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நீலகிரி அடிவாரத்து முதுமலையில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த முரளியும் சுகுமாரும் உலர்காட்டு மரங்களின் தளிர்களைத் தொடர்ந்து கவனித்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வறட்சியிலேயே முந்தித் துளிர்த்த மரங்களைப் பூச்சிகள் குறைவாகத் தின்றன. மழையோடு சேர்ந்து பிந்தித் துளிர்த்தவை அதிகம் அரிக்கப்பட்டன. பூச்சிகள் பெருகுவது மழையோடுதான். அவை வரும்போது முந்திய மரத்தின் இலை தடித்துப் போயிருக்கும். வெயிலுக்கு அஞ்சாமல் பூச்சிக்கு அஞ்சுகிறது மரம்!

அதே முதுமலையில் 1988இல் சுகுமார் முயற்சியால் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்று முதல் ஒவ்வொரு தண்டுக்கும் எண்ணிட்டுக் கணக்கெடுத்தனர். எழுபது சொச்சம் இனங்கள். ஏறத்தாழ 25,000 தண்டுகள். பனாமா நாட்டு மழைக்காட்டில் இதே அளவுள்ள நிலத்தில் 300 இனங்கள். தண்டுகள் இரண்டு இலட்சத்துக்கு மேல். நம் உலர்காடு ஏழை என்று இதைக்கொண்டு சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெரிய வேறுபாடு சிறு கன்றுகளின் எண்ணிக்கையில்தான். முதுமலையில் கன்றுகள் குறைவு. அவற்றை அவ்வப்போது தீ தின்றுவிடுகிறது, எஞ்சியதை யானை முறித்துவிடுகிறது. தேக்கு, கருமருது, வெக்காலி ஆகியவை முதுமலைக்கும் இம்மாவட்டத்துக்கும் பொதுவான மரங்கள். யானை இங்கே இல்லை. அதன் வேலையை வெள்ளாடும் அரிவாளும் செய்கின்றன. தீ மட்டும் இரண்டிடத்துக்கும் பொது.

தீயைப் பற்றி எழுதும்போது புல்லைப் பற்றி எழுதாமல் முடியாது. கார்த்திகையில் அக்குன்றில் நடந்தவர்கள் காலுறையில் நூறு ஊசிகளைச் சுமந்து வந்திருப்பீர்கள். ஹெடரோபோகான் என்னும் ஈட்டிப்புல் அது, மராத்தியில் 'குசள்'. அதன் விதையின் ஒரு முனை கூர்மை. மறுமுனையில் முறுக்கிய நீண்ட வால். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், உலர்ந்தால் மீண்டும் முறுகும். இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வர, விதை தானே திருகாணிபோல் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. பங்குனியில் புதுப் புல்லுக்காகவோ, அணைக்காமல் எறிந்த பீடியாலோ தீப் பிடித்தால், மேலே எல்லாம் சாம்பலாகும். ஓர் அங்குலத்துக்குக் கீழே விதைக்கு ஒன்றும் ஆவதில்லை. மண் அவ்வளவு நல்ல காப்பு. நம் காலுறை அதற்கு மண்ணாகத் தெரிவது நம் குற்றமே.

மரக்கன்றுக்கு இந்த வசதி இல்லை. ஆயினும் அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. புரசு (சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மரம், இங்கே 'பளஸ்') ஆண்டுதோறும் தீயில் கருகி, ஆண்டுதோறும் அடியிலிருந்து துளிர்க்கும். மேலே பார்த்தால் முழங்கால் உயரச் செடி. கீழே தோண்டினால் கை பருமன் வேர். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து தீ வராமல் இருந்தால், அந்த வேரிலுள்ள சேமிப்பை எல்லாம் செலவிட்டு ஒரே மூச்சில் தீயின் நாக்குக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பிறகு அது மரம். இலை இல்லாத கிளைகளில் மாசியில் அது பூக்கும் பூவைத்தான் இங்குள்ளோர் ஹோலிக்குச் சாயம் காய்ச்சுகிறார்கள். இலையைத் தைத்துச் சோறு உண்ணுகிறார்கள், நம்மவரும்தான்.

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். இந்தக் குன்று முன்னொரு நாள் அடர்ந்த காடாயிருந்து நம்மால் பாழாக்கப்பட்டதா? அல்லது என்றுமே புல்லும் ஒற்றை ஒற்றை மரமுமாக இருந்த நிலந்தானா? முந்தையது உண்மையானால் மரம் நடுவது கடன் அடைப்பது. பிந்தையது உண்மையானால் அது ஒரு பழைய சூழ்நிலையை அழிப்பது. தீர்மானத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

காடு வெட்டப்பட்டதற்குச் சான்றுகள் உண்டு. இதே இருப்புப்பாதையில் மளவ்லி நிலையத்தில் இறங்கிக் கார்லாக் குகைக்குப் போனவர்கள், சைத்தியத்தின் கல் விதானத்தை ஒட்டி வளைந்து நிற்கும் மரச்சட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மரம் அது. அத்தகைய மரம் தரும் காடு அருகில் இருந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தாபோடியிலிருந்த அரசுத் தாவரத் தோட்டத்தைக் கவனித்து வந்த அலெக்ஸாண்டர் கிப்ஸன் என்னும் மருத்துவர் 1847இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளரானார். மலைகளில் மரம் வெட்டுவதால் ஊற்றுகள் வற்றுவதை எடுத்துச் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். அவர் எச்சரித்த கொஞ்ச நாளிலேயே புகைவண்டி வந்தது: 1858இல் கண்டாளா வரை, 1863இல் போர்காட் மலையேற்றமும் முடிந்தது. தண்டவாளக் கட்டைக்கும் அடுப்புக்கும் மரம் வேண்டியிருந்தது. நாம் சங்கக் கூட்டத்துக்கு வரும் வண்டிப்பாதைக்கு இக்குன்றுகளும் விலை கொடுத்திருக்கின்றன.

மறுபக்கத்துச் சான்றுகளும் வலுவானவை. மகேஷ் சங்கரன் முதலியோர் ஆப்பிரிக்காவில் 800க்கு மேற்பட்ட இடங்களின் விவரங்களைத் தொகுத்து 2005இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஆண்டு மழை 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மரம் அடர முடியாதபடி மழையே தடுத்துவிடும். அதற்கு மேல் இருந்தால் காடாக அடர வல்ல நிலத்தைத் தீயும் மேய்ச்சலுமே புல்வெளியாக வைத்திருக்கும் என்பது அதன் சாரம். ஆப்பிரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டிவிடக் கூடாது. ஆயினும் நம் எண் 700 சொச்சம். எல்லைக்கோட்டுக்கு மிக அருகில். இப்படிப்பட்ட இடத்தில் மண்ணின் ஆழமே முடிவு சொல்லும். குன்றின் தலையில் ஒரு சாண் மண்ணும் அடியில் கரும்பாறையும். பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். ஓடைப் பள்ளத்தில் அதே மழை நான்கு முழ மண்ணுக்குள் ஊறி நிற்கும். வானம் ஒன்றே, தரை இரண்டு.

மேலும் 2025இல் ஆஷிஷ் நெர்லேகர், திக்விஜய் பாட்டீல் ஆகிய இருவர் ஒரு புதுமை செய்தனர். மேற்கு மகாராஷ்டிரத்தின் பழைய மராத்தி நூல்களிலும் வாய்மொழிப் பாடல்களிலும் வரும் செடி கொடி மரங்களின் பெயர்களைத் திரட்டி, அவை அடர்காட்டுக்குரியவையா, திறந்த புல்வெளிக்குரியவையா என்று பார்த்தனர். பெரும்பாலானவை புல்வெளிக்குரியவை, இந்நிலம் குறைந்தது 750 ஆண்டுகளாக இவ்வாறே இருந்திருக்கிறது என்று முடிவு கட்டினர். தேஹுவில் பிறந்து, அருகிலுள்ள பண்டாரா மலையில் அமர்ந்து மரஞ்செடிகளைச் சுற்றமாகக் கருதிய துகாராமின் நாட்டில் இப்படியொரு ஆராய்ச்சி பிறந்தது பொருத்தமே. நம் சங்க இலக்கியத்தின் மரஞ்செடிப் பெயர்களை இம்முறையில் ஊருக்கு ஊர் எண்ணிப் பார்க்க நம்முள் தமிழ் படிப்போர் யாரேனும் முன்வந்தால், தாவரப் பெயர்களுக்கு நான் உதவுவேன்.

தாவரநூல் காட்டும் சான்று ஒன்றை நானே பார்த்தேன். இந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது அதுதான். சென்ற ஆண்டு வேறோர் அமைப்பினர் நடத்திய நடவில் நானும் மண்வெட்டி பிடித்தேன். குன்றின் உச்சியில் எனக்குப் பன்னிரண்டு குழி. ஐந்தாவது குழியில் மண்ணோடு வெங்காயம் போன்ற கிழங்குகள் இரண்டு வந்தன. எறிந்துவிட்டு அடுத்த குழிக்குப் போனேன். சாயங்காலம் ஏதோ உறுத்த, ஒன்றை எடுத்து வந்து வீட்டுத் தொட்டியில் வைத்தேன். இலை வந்தபின் பார்த்தால், நான் தேர்வுக்காகப் பெயர் மட்டும் மனப்பாடம் செய்திருந்த செரோபீஜியா! மேற்கு மகாராஷ்டிரத்துக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் பல கொண்ட பேரினம் அது. நான்கு மாத மழையில் முளைத்து, மெழுகுவிளக்குப் போன்ற பூவைக் காட்டி, மீதி எட்டு மாதம் கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். திறந்த வெயில் வேண்டும் அதற்கு; மர நிழலில் வாழாது. இப்படிப்பட்ட வெயில் விரும்பிகள் ஓர் இடத்திலேயே தோன்றித் தனி இனமாகப் பிரிய எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். நூறு இருநூறு ஆண்டுக்கு முன் வெட்டப்பட்ட காட்டின் மீது அவை வந்து குடியேறியிருக்க முடியாது. ஆகவே, குன்றின் தலை நீண்ட காலமாகத் திறந்த நிலமே. நான் நட்ட பன்னிரண்டு கன்றில் அடுத்த சித்திரையில் உயிரோடு நின்றது ஒன்று. அதுவும் கிளிரிசிடியா.

கிளிரிசிடியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பது இதையே. அதன் தாயகம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா. ஜான்ஸன் எழுதிய அதே உலர்காடுகளின் குடிமகன். அங்கே அது பல மரங்களுள் ஒன்று. இங்கே வனத்துறையினர் புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் பசுமை வேண்டிப் பெரும் அளவில் நட்டனர். ஆடு மாடு எளிதில் வாய் வைக்காது. வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வேர் முடிச்சுகளால் தழைச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். எலியைக் கொல்வது என்பது அதன் இலத்தீன் பெயரின் பொருள். விதையும் பட்டையும் நஞ்சு. மாசியில் இளஞ்சிவப்புப் பூவோடு அழகாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது அடர்ந்த தோப்புக்குள் புகுந்து பாருங்கள்: குசள் இல்லை, கிழங்கு இல்லை, புரசுக் கன்று இல்லை, புல்லில் கூடு கட்டும் வானம்பாடியும் இல்லை. தொலைவிலிருந்து பச்சை, உள்ளே வெறுமை.

அரசாங்கக் கணக்கிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. புல்வெளி என்றால் நெடுங்காலமாகத் 'தரிசு' என்று பதிவு. ஒரு திட்டத்துக்காக வேறெங்கோ காடு அழிந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சேரும் ஈட்டுக் காடு வளர்ப்புப் பணத்தைச் செலவிட இத்தகைய தரிசே கண்ணில் படுகிறது. இம்மாவட்டத்தின் கிழக்கே உள்ள புல்வெளிகளில் ஓநாயும் நரியும் சிங்காரா மானும் இன்னும் உலவுகின்றன. அவற்றுக்கு மரத்தோப்பு வீடாகாது.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குன்றின் தலையில் ஒரு குழியும் தோண்ட வேண்டாம். ஆனால் சரிவின் கதை வேறு. தையிலும் மாசியிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடைப் பள்ளங்கள் வழியாக ஏறி இறங்கினேன். அங்கே புரசு, ஒதி, வெக்காலி ஆகியவற்றின் பழைய அடிக்கட்டைகள் துளிர்த்துத் துளிர்த்து, வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் புதர்போல் நிற்கின்றன. அடிக்கட்டை இருந்தால் அங்கே மரம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அவற்றுக்கு நாற்றங்கால் வேண்டாம், லாரி வேண்டாம். வேர் கீழே காத்திருக்கிறது. வேண்டுவது மூன்றாண்டு தீயும் ஆடும் படாத காவல். பண்டகசாலையின் கம்பி வேலிக்குள் இருக்கும் சரிவையும் வெளியே இருக்கும் சரிவையும் சாலையிலிருந்தபடியே ஒப்பிட்டுப் பாருங்கள். (அருகே போய் நிற்க வேண்டாம், காவலருக்குத் தாவரநூல் விளங்க வைப்பது கடினம், நான் முயன்று பார்த்திருக்கிறேன்.) ஒரே மண், ஒரே மழை. உள்ளே மேய்ச்சல் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். நண்பர் கேட்டார்: "மேய்ப்பவர் எங்கே போவார்? விறகு பொறுக்கும் அம்மா எங்கே போவார்?" நியாயமான கேள்வி. பள்ளங்களை மட்டும் காத்து, தலையிலுள்ள புல்லை மேய்ச்சலுக்கு விட்டால் இரு பக்கமும் ஓரளவு நடக்கும் என்று நினைக்கிறேன். புல்லுக்கு அளவான மேய்ச்சல் கேடன்று. ஆனால் இதை நாம் நால்வர் கூடிப் பேசி முடிவு செய்வது முறையாகாது. அடிவாரத்துக் குடியிருப்பிலுள்ள பெரியவர்களைக் கேட்க வேண்டும். அவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்களாக இருப்பது நமக்கு வசதி.

ஆடிக்குப் பதில் வரும் மாசியிலேயே போகலாம் என்பது என் திருத்தம். வேலை இரண்டு. ஒன்று, புல் காய்ந்து தீப் பிடிக்கும் முன், பள்ளத்தைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு இடுவது. அதற்கு நிலத்துக்கு உரியவர்களின் அனுமதி வாங்கும் பொறுப்பைச் செயலாளர் ஏற்க வேண்டும். இரண்டு, ஒவ்வோர் அடிக்கட்டைக்கும் ஓர் எண் கொடுத்து, எத்தனை துளிர், எத்தனை சாண் உயரம் என்று நோட்டில் குறிப்பது. முதுமலையில் 25,000 எண்ணினார்கள். நமக்கு ஒரு பள்ளத்தில் இருநூறு எண்ணினால் போதும். அடுத்த மாசியில் அதே நோட்டோடு மறுபடி போக வேண்டும். கிழங்குகளைப் பார்க்க விரும்புவோர் மட்டும் ஆவணி முதல் ஞாயிறு என்னோடு வரலாம். காலை வண்டியைப் பிடித்தால் வெயிலுக்கு முன் உச்சிக்குப் போய்விடலாம். காலுறைக்கு மேல் பழைய துணி சுற்றிக்கொண்டு வருவது நல்லது.